வலது காதில் மூன்று முறை

ஐயம்பேட்டை
6.11.2025, வியாழன்

சிம்ரனுக்கு,

நீலாம்பாள் எழுதுகிறேன். உன் நம்பருக்கு என் போனிலிருந்து போகவே இல்லை. டவர் கிடைக்கவில்லை போல என்று ஒரு நாள் முழுக்க மாடிக்கும் வாசலுக்கும் நடந்தேன். அப்புறம் பக்கத்து வீட்டு போனை வாங்கிப் போட்டேன். எடுத்தாய், என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாய். சரி, நீ வைக்க முடியாதபடி காகிதத்தில் எழுதுவோம் என்று உட்கார்ந்தேன். எட்டாவதோடு நின்றவள் கையெழுத்து, கொஞ்சம் பொறுத்துக்கொள். தம்பி நாளைக் காலையில் சாப்பாடு எடுத்துக்கொண்டு வருகிறான். டிபன் கேரியரின் அடித்தட்டில் வைத்து அனுப்புகிறேன்.

பாப்பாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது? உன் புருஷனைக் கேட்டால் "இருக்குதுக்கா" என்கிறான். மூச்சு இழுக்கிறதா, பால் குடிக்கிறதா, கண் திறக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டால் எல்லாவற்றுக்கும் அதே "இருக்குதுக்கா". என் கூடப் பிறந்தவன்தான், ஆனால் அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தை பிடுங்குவதற்குள் எனக்கு உயிர் போய்விடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை ஏனாத்தூரில் உன் அம்மா வீட்டில் பேர் வைக்கும்போது எனக்கு மூக்கு ஒழுகிக்கொண்டுதான் இருந்தது. சனிக்கிழமை காலையில் ஆரம்பித்தது. காய்ச்சல் இல்லை, உடம்பு வலி இல்லை, வெறும் மூக்குச்சளி. இதற்காகவா போகாமல் இருப்பது என்று கைக்குட்டையைச் செருகிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். அத்தை என்ற முறையில் தொட்டிலில் போட்டு, வலது காதில் குனிந்து மூன்று முறை பேர் சொன்னேன். அடுத்த நாள் சாயங்காலம் பாப்பாவுக்கு நெஞ்சு உள்ளே வாங்கி மூச்சு இழுத்தது.

ஆஸ்பத்திரி வாசலில் சென்னைக்கு ஆம்புலன்ஸ் கிளம்புவதற்கு முன் நீ சொன்னதை மறக்கவில்லை. "இனிமே அந்தப் பேரை யாரும் சொல்லக் கூடாது, நீங்க முக்கியமா சொல்லக் கூடாது" என்றாய். அதனால் இந்தக் கடிதத்தில் பாப்பா என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

எப்படி இருக்கிறது என்று ஒரு வரி எழுதி அனுப்பு. திட்டி எழுதினாலும் சரி.

நீலாம்பாள்


சென்னை
7.11.2025

அண்ணி,

லெட்டர் வந்தது. இனிமேல் சாப்பாடு வேண்டாம். இங்கே கேன்டீன் இருக்கிறது. டப்பாவைக் கழுவி உங்கள் தம்பியிடமே கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.

கேட்டீர்களே, சொல்கிறேன். மூக்கில் இரண்டு டியூப், ஆக்சிஜன் போய்க்கொண்டிருக்கிறது. கையில் ஊசி குத்தி அது வெளியே வராமல் இருக்க ஒரு அட்டை வைத்துக் கட்டியிருக்கிறார்கள். அந்த அட்டை அவள் கையைவிடப் பெரியது. பாலைக் கறந்து வாய் வழியாகக் குழாயில் விடுகிறார்கள். நிமிஷத்துக்கு எத்தனை தடவை மூச்சு விடுகிறாள் என்று நர்ஸ் வாட்சைப் பார்த்து எண்ணுகிறார். நானும் கூடவே எண்ணுகிறேன். எழுபதுக்கு மேல் போனால் மறுபடியும் முதலிலிருந்து எண்ணுகிறேன். இதுதான் "இருக்குதுக்கா".

லேசான சளியாம். உங்களுக்கு லேசு. அவளுக்கு?

எங்கள் அம்மா அன்றைக்கே என் காதில் சொன்னாள், "இன்னாடி இது, உன் நாத்தனாரு மூக்கை உறிஞ்சிக்கினே குழந்தைகிட்ட குனியறாங்க, நீ ஒண்ணும் சொல்லமாட்டியா?" என்று. நான்தான் "விடும்மா, அத்தை முறை, தடுத்தா தப்பாயிடும்" என்று வாயை அடைத்தேன். எனக்கு இது வேண்டும். நாற்பத்தொன்பது நாள் பொத்திப் பொத்தி வளர்த்தேன். வெளியாள் ஒருத்தரைத் தொடவிடவில்லை. அக்கம்பக்கத்தில் எல்லோரும் என்னைத் திமிர் பிடித்தவள் என்றார்கள். கடைசியில் சொந்த அத்தை வந்து காதில் ஊதிவிட்டுப் போனாள்.

போனில் பேச மாட்டேன். பேசினால் கத்துவேன். வார்டில் கத்தக் கூடாது.

சிம்ரன்


ஐயம்பேட்டை
8.11.2025, சனி

சிம்ரனுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நீ சொன்னதில் ஒரு வார்த்தையும் தப்பில்லை. நான் அன்றைக்கு வந்திருக்கக் கூடாது.

எனக்கு இப்போது மூக்கு நின்றுவிட்டது, இருமல் மட்டும் இருக்கிறது. வீட்டைவிட்டு வெளியே போவதில்லை. பால் வாங்கக்கூட மாஸ்க் போட்டுக்கொண்டு போகிறேன். கடைக்காரர் "என்னாக்கா, மறுபடியும் கொரோனாவா?" என்று சிரித்தார். சிரிக்கட்டும். தம்பி வந்தால் வாசலில் நிற்கவைத்துத்தான் பேசுகிறேன். இந்தக் காகிதத்தைத் தொடுவதற்கு முன்னால் கையை சோப்புப் போட்டுக் கழுவினேன்.

தறி நிற்கிறது. கோர்வைச் சேலைக்கு உடலுக்கு ஒருத்தர், கரைக்கு ஒருத்தர் என்று இரண்டு பேர் உட்கார வேண்டும், ஒற்றை ஆளாக நான் என்ன செய்வது? சும்மா இருக்கப் பிடிக்காமல் ஊடு நூல் ஓட்டும் மர நாடா மூன்றையும் எடுத்து வெந்நீரில் சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் வைத்தேன். மரம் வெடித்தால் வெடிக்கட்டும்.

நீ எழுதியதில் ஒன்று மட்டும், நாற்பத்தொன்பது நாளும் பொத்தி

இதற்கு மேலே ஒன்றரை வரி அடித்திருக்கிறேன். தப்பாக எழுதிவிட்டேன், அவ்வளவுதான். வெளிச்சத்தில் பிடித்துப் படிக்காதே. உன் புத்தி எனக்குத் தெரியும்.

எனக்குப் பிள்ளை இல்லை, புருஷன் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. நம் வீட்டில் எனக்கென்று இருந்த உரிமை அந்த மூன்று தடவை பேர் சொல்வது ஒன்றுதான். அதனால்தான் மூக்கைப் பற்றி யோசிக்காமல் ஓடி வந்தேன். சமாதானத்துக்காக இதைச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

டப்பா காலியாக வந்தது. எலுமிச்சை ஊறுகாயை மட்டும் நீ எடுத்து வைத்துக்கொண்டாய் என்று தம்பி சொன்னான். அதை மட்டுமாவது சாப்பிட்டாயே.

நீலாம்பாள்


சென்னை
11.11.2025

அண்ணி,

நேற்று ஆக்சிஜனை எடுத்துவிட்டார்கள். மார்பில் பால் குடிக்கிறாள். நாலு வாய் குடித்துவிட்டு நிறுத்தி மூச்சு வாங்கி மறுபடி குடிக்கிறாள். மூச்சு ஐம்பதுக்கு வந்துவிட்டது. முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம்.

இங்கே டாக்டர் அஞ்சும் என்று ஒருத்தர். நம் காஞ்சிபுரம்தான். ஏனாத்தூர் என்றதும் "அடடே, நம்ம ஊருங்களா!" என்று பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். வீட்டில் யாருக்குச் சளி இருந்தது என்று கேட்டார். உடனே உங்களைச் சொன்னேன். "அவங்களுக்கு எப்ப ஆரம்பிச்சுது?" என்றார். சனிக்கிழமை என்றேன். "குழந்தையைப் பார்த்தது?" ஞாயிற்றுக்கிழமை. "அதுக்கு முன்னாடி?" பார்த்ததே இல்லை என்றேன்.

"குழந்தைக்கு முதல்ல என்ன ஆச்சு, மூச்சுத் திணறலை விடுங்க, அதுக்கும் முன்னாடி?"

எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது. வெள்ளிக்கிழமை குளிப்பாட்டின பிறகு தும்மிக்கொண்டே இருந்தாள். சனிக்கிழமை பால் சரியாகக் குடிக்கவில்லை. சாம்பிராணிப் புகை ஒத்துக்கொள்ளவில்லை என்று அம்மா சொன்னாள், நானும் தலையாட்டினேன்.

டாக்டர் விரல் விட்டு எண்ணினார். "இந்த வைரஸ் உள்ளே போய் நாலஞ்சு நாள் கழிச்சுதான் வெளியே தெரியும். ஞாயித்துக்கிழமை தொத்தியிருந்தா வெள்ளிக்கிழமை எப்படிம்மா தும்மும்?" என்றார். "அவங்க சளியோட வந்தது தப்புதான். ஆனா இது அவங்ககிட்டேர்ந்து வந்திருக்க வழியில்லை" என்றும் சொன்னார்.

மன்னிப்புக் கேட்டு எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். தெரியாமலேயே ஆனாலும் சளியோடு குனிந்தது நீங்கள்தான், அது மாறாது.

நீங்கள் அடித்த வரியை ஜன்னலில் ஒட்டிப் பார்த்தேன். "திங்கள் செவ்வாய்" என்பது மட்டும் தெரிகிறது. அண்ணி, உங்கள் தம்பியிடம் அந்தத் திங்கள் செவ்வாயைப் பற்றி ஏதாவது சொல்லிவிட்டீர்களா?

சிம்ரன்


ஐயம்பேட்டை
12.11.2025, புதன்

சிம்ரனுக்கு,

பால் குடிக்கிறாள் என்று படித்ததும் மற்றதைப் படிக்காமல் எழுந்துபோய் விளக்கேற்றிவிட்டு வந்துதான் உட்கார்ந்தேன். அழுதேன் என்று தம்பி உன்னிடம் சொல்வான். ஆமாம், அழுதேன்.

அவனிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல மாட்டேன் என்று உன் கையில் அடித்துச் சத்தியம் செய்தவள் நான். கடிதத்தை அவன் பிரித்துவிட்டால் என்ன செய்வது என்றுதான் அந்த வரியை அடித்தேன். இன்றைக்கு நாலு பக்கமும் பின் அடித்து அனுப்புகிறேன். பின் பிரிந்திருந்தால் அவனைக் கேள்.

நான் சொல்வதைக் கேள் சிம்ரன், இதைக் கிளறாதே. வெள்ளிக்கிழமை தும்மியது புகையாகவே இருக்கலாம். குழந்தை என்றால் தும்மாதா? யாரிடமிருந்து என்று கண்டுபிடித்து நமக்கு என்ன ஆகப் போகிறது? என்னிடமிருந்து வந்ததாகவே இருந்துவிட்டுப் போகட்டும். நாலு பேர் என்னைப் பேசுவார்கள், பேசட்டும், நான் பாட்டுக்குக் கரைக்கு நாடா ஓட்டிக்கொண்டு இருப்பேன். நீ அப்படியில்லை. பால் கொடுக்கிறவள். நீ மனசைப் போட்டு உழப்பிக்கொண்டால் அது பாப்பாவின் வயிற்றில்தான் விடியும்.

ஸ்வெட்டர் ஒன்று அனுப்பியிருக்கிறேன். கடையில் வாங்கியது, துவைத்து இரண்டு நாள் வெயிலில் காயவைத்தது. நான் அதில் மூச்சுக்கூட விடவில்லை.

நீலாம்பாள்


சென்னை
14.11.2025

அண்ணி,

இன்றைக்குக் குழந்தைகள் தினமாம், வார்டில் எல்லாக் கட்டிலிலும் பலூன் கட்டினார்கள். அவள் பலூனையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

கிளறாதே என்றீர்கள். கிளறிவிட்டேன்.

டாக்டர் அஞ்சும் காலையில் வந்தபோது நானே கேட்டேன். "டாக்டர், ஒருத்தருக்குத் தொண்டை மட்டும் லேசா கரகரன்னு இருக்குது, மூக்கு ஒழுகலை, இருமல் இல்லை. அவங்ககிட்டேர்ந்து வருமா?" என்றேன். யாருக்கு என்று கேட்டார். எனக்கு என்றேன். ஞாயிற்றுக்கிழமை, இருபத்தாறாம் தேதி, தலைக்கு ஊற்றிக்கொண்டேன், அன்று சாயங்காலத்திலிருந்து மூன்று நாள் இருந்தது என்றேன். பிள்ளை பெற்ற உடம்பு, தலைக்கு ஊற்றினது சேரவில்லை என்று அம்மா மிளகு கஷாயம் கொடுத்தாள். அதைக் குடித்துவிட்டு அவளுக்குப் பால் கொடுத்தேன். கன்னத்தில் முத்தம் கொடுத்தேன். ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று எண்ணவில்லை.

அப்புறம் அந்தத் திங்கள் செவ்வாயையும் சொல்லிவிட்டேன். ஆபரேஷன் பண்ணின உடம்பு, மூன்று மாசம் தறிப் பக்கமே போகாதே என்று உங்கள் தம்பி சொல்லியிருந்தும், நாலு சுவரைப் பார்த்துப் பார்த்துப் பைத்தியம் பிடிக்கிறது என்று அம்மாவிடம் குழந்தையை விட்டுவிட்டு ஐயம்பேட்டைக்கு வந்ததை. இரண்டு நாளும் அவர் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்துப் பதினொரு மணிக்கு வந்து இரண்டு மணிக்குக் கிளம்பியதை. நீங்கள் "வேணாம்மா, தையல் பிரிஞ்சிடப் போவுது" என்று தறி மிதியில் என் காலை வைக்கவிடாமல் தள்ளியதையும், நான் கேட்காமல் உட்கார்ந்ததையும்.

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டார். அவருடைய அப்பா அப்துல் சத்தார் ஜரிகை வியாபாரமாம், சின்ன வயதில் அவரோடு தறி வீடுகளுக்கெல்லாம் போயிருக்கிறாராம். "நாடாக் கண்ணுல நூலை வாயாலதானே உறிஞ்சி இழுப்பீங்க?" என்றார். ஆமாம் என்றேன். "அன்னைக்கு யார் உறிஞ்சுனது?"

நான்தான் அண்ணி. நூல் தீரத் தீர மூன்று நாடாவுக்கும் நான்தான் நூல் மாட்டி, வாயால் உறிஞ்சி, உங்கள் கையில் கொடுத்தேன். இடையில் அறுந்தபோது அதே கண் துளையில் நீங்கள் வாய் வைத்து இழுத்தீர்கள். பன்னிரண்டு வருஷமாக நாம் இப்படித்தான் செய்கிறோம், யாராவது யோசித்தோமா?

"நாடாதான்னு சத்தியம் பண்ண மாட்டேன்மா. தோளும் தோளும் இடிக்க மூணு மணி நேரம் பக்கத்துல உட்கார்ந்து பேசினாலே போதும்" என்றார் டாக்டர். "நல்லா காய்ச்சல் அடிச்சவங்க போர்த்திக்கினு ஒரு மூலையில படுத்துடுவாங்க. லேசா இருக்கிறவங்கதான் பஸ்ஸில போவாங்க, விசேஷத்துக்குப் போவாங்க, குழந்தையைக் கொஞ்சுவாங்க. சில சமயம் தொண்டை கரகரக்கறதுக்கு முந்தின நாளே பரவ ஆரம்பிச்சிடும். அதனால உங்க மேல தப்பு சொல்ல மாட்டேன்" என்றார். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பால் குடுக்கறதை மட்டும் நிறுத்திடாதீங்க. சளி இருந்தா மாஸ்க் போட்டுக்கினு குடுங்க. உங்க பால்தான் இவளை இழுத்துக்கினு வந்தது" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு. வெள்ளிக்கிழமை அவளுக்கு. சனிக்கிழமை உங்களுக்கு. இரண்டு பேருக்கும் நான்தான் கொடுத்திருக்கிறேன். நான் கொடுத்த சளிக்கு உங்களை ஆஸ்பத்திரி வாசலில் வைத்து, ஊரே பார்க்க, நாக்கில் நரம்பில்லாமல் பேசினேன்.

மன்னித்துவிடுங்கள் அண்ணி. இதை எழுத எனக்கு ஒரு பகல் முழுக்க ஆயிற்று.

ஆனால் உங்கள் மேல் எனக்குக் கோபமும் இருக்கிறது. உங்களுக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது, இல்லையா? வெறும் மனசுக்காகவா நாடாவை வெந்நீரில் போட்டீர்கள்? "உனக்குத்தானேடி முதல்ல தொண்டை கட்டிக்கினு இருந்தது" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அங்கேயே அடங்கியிருப்பேன். என்னைக் காப்பாற்றுகிறேன் என்று வாயை மூடிக்கொண்டு நின்றீர்கள், நான் பத்து நாளாக உங்களை வெறுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது தெரியுமா?

உங்கள் தம்பியிடம் நானே சொல்லிவிட்டேன். கத்துவார் என்று நினைத்தேன். "தையல் ஏதாவது பிரிஞ்சுதா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். "அக்காவுக்குத் தெரியுமா?" என்றார். முதல்லயிருந்தே தெரியும் என்றேன். எழுந்து போய் இரண்டு டீ வாங்கிக்கொண்டு வந்தார். அவ்வளவுதான் பேச்சு, அவரைத்தான் உங்களுக்குத் தெரியுமே.

ஞாயிற்றுக்கிழமை டிஸ்சார்ஜ். நேராக ஐயம்பேட்டைக்குத்தான் வருகிறோம், அம்மாவிடம் சொல்லிவிட்டேன். இங்கே ஃபைலில், கையில் கட்டிய பட்டையில், மருந்துச் சீட்டில் எல்லாம் "சிம்ரன் பேபி" என்றுதான் இருக்கிறது. நர்ஸ் தினமும் பேர் கேட்கிறார், நான் சொல்லவில்லை. முதலில் கோபத்தில் சொல்லவில்லை, இப்போது சொல்ல வாய் வரவில்லை. நீங்கள் வந்து மறுபடியும் சொல்லுங்கள். உங்களுக்குச் சளி வந்து இரண்டு வாரம் ஆகிறது, இருமலும் நின்றிருந்தால் தாராளமாகத் தூக்கலாம் என்று டாக்டரிடம் கேட்டுவிட்டேன்.

பிளாக்கை எடுத்துவிட்டேன். ஆனால் இதையெல்லாம் போனில் சொல்லத் தைரியம் இல்லை.

சிம்ரன்


ஐயம்பேட்டை
15.11.2025, சனி

சிம்ரனுக்கு,

தம்பி காலையில் கடிதத்தைக் கொடுத்துவிட்டு வாசலிலேயே நின்றான். படித்து முடிக்கிற வரைக்கும் போகவில்லை. "ஏன்க்கா, என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?" என்றான். உங்கள் இரண்டு பேருக்கும் ஒரே பதில்தான். அன்றைக்கு நீ குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற நிற்பில், உன்னிடமிருந்துதான் வந்தது என்று எந்த வாயால் சொல்வேன்? எனக்கும் அப்போது நிச்சயமாகத் தெரியாது. நீ வந்துபோன நாலாம் நாள் எனக்கு மூக்கு ஒழுகியது, அவ்வளவுதான் தெரியும். நீ என்னைத் திட்டினால் எனக்கு ஒரு வாரம் சோறு இறங்காது, உன்னை நீயே திட்டிக்கொண்டால் அது ஆயுசுக்கும் நிற்கும். அதனால் சும்மா இருந்தேன். தப்பென்றால் தப்புதான். உன் கோபத்தை நேரில் வந்து தீர்த்துக்கொள்.

மன்னிப்பெல்லாம் எனக்கு எதற்கு? ஊறுகாய் டப்பா நிறைய அனுப்பியிருக்கிறேன், அதைச் சாப்பிடு.

நாடா ஆறு வாங்கிவிட்டேன். மூன்றில் சிவப்பு நூல் கட்டியிருக்கிறேன், அது உன்னுடையது. நூலை இழுக்கக் கம்பிக் கொக்கியும் இரண்டு செய்யச் சொல்லியிருக்கிறேன். வாயால் இழுப்பதைவிட நேரம் பிடிக்கும், பிடிக்கட்டும்.

இப்போது சொல்ல வந்ததைச் சொல்கிறேன். நாளைக்கு நான் உங்கள் பக்கம் வரப்போவதில்லை.

கோபித்துக்கொள்ளாதே, முழுக்கப் படி. நேற்றுப் பெரிய மழை. பஸ் ஸ்டாண்டில் நாடா வாங்கப் போனவள் நன்றாக நனைந்துவிட்டேன். இன்று காலையில் எழுந்ததும் தொண்டை லேசாகக் கரகரக்கிறது. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, மூக்கு சுத்தமாக இருக்கிறது. மழையில் நனைந்ததுதான் காரணம் என்று காலையிலிருந்து எனக்கு நானே பத்துத் தடவை சொல்லிப் பார்த்தேன். எப்படியாவது நம்பிவிட வேண்டும் என்று ஆசையாக இருந்தது. புடவைகூட எடுத்து வைத்துவிட்டேன், நீ தீபாவளிக்கு எடுத்துக் கொடுத்தது. பிறகு மடித்து உள்ளே வைத்தேன்.

ஒரு வாரம் போகட்டும். ஒன்றும் இல்லை என்று தெரிந்தபிறகு வருகிறேன். மாஸ்க் போட்டுக்கொண்டு உங்கள் வீட்டைக் கூட்டித் துடைத்துச் சாவியை ஜன்னலில் வைத்திருக்கிறேன். தம்பி ஆட்டோவில் உங்களைக் கூட்டிக்கொண்டு இந்தத் தெரு வழியாக வரும்போது நான் எதிர்ப்பக்கம் நிற்பேன். துணியை விலக்கி முகத்தை மட்டும் காட்டு, அது போதும்.

அதுவரைக்கும் அவளைச் சிம்ரன் பேபி என்றே விட்டுவைக்காதே, கேட்கவே சகிக்கவில்லை. என் வாய்தான் இப்போது ஆகாது, உன் வாய் சுத்தமாக இருக்கிறது. நாளைக் காலை குளிப்பாட்டியதும் மடியில் போட்டுக்கொள். வலது காது. அவசரப்படாமல், ஒவ்வொரு தடவைக்கும் நடுவில் கொஞ்சம் நிறுத்தி, அத்தை சொல்லச் சொன்னாள் என்று சொல்லிவிட்டுச் சொல்.

ஆதிரை.

ஆதிரை.

ஆதிரை.

நீலாம்பாள்